பழைய கேசட்டுகளும் பாட்டோடு வந்த நினைவுகளும்: வீட்டிலேயே பதிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதற்குப் பலரும் வழி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளோடு வீட்டாருக்கு இருக்கும் நினைவுகளையும் பதிவு செய்து, பாட்டும் நினைவும் பிரிந்துபோகாதபடி சேர்த்து வைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். எங்கள் வீட்டில் இருந்த 43 கேசட்டுகளை இவ்வாறு முடித்த பிறகு, உறவினர், அண்டை வீட்டார் என்று ஐந்து குடும்பங்கள் இதே வேலையைச் செய்தபோது உடன் இருந்தேன். கருவியில் தடுமாறியவர்கள் சிலர்தான். செய்யும் வரிசையில் தடுமாறாதவர் ஒருவரும் இல்லை.

ஆகவே வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கேசட்டுகளுக்கு எண் இட வேண்டும். அடுத்து, தனியாக உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டபடி படியெடுக்க வேண்டும். அதன்பின் உரியவரை அழைத்து, படியைக் கேட்கச் செய்து, அவர் சொல்வதைப் பதிய வேண்டும். படப்பெயர், பாடியவர், ஆண்டு ஆகியவற்றைத் தேடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். முப்பது ஆண்டுகளாகக் கேட்காத ஒரு பாட்டை ஒருவர் மறுபடி முதல் முறையாகக் கேட்கும் தருணம் ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும் என்பதால், கீழே வரும் முன்னேற்பாடுகளில் பாதி அந்தச் சில நிமிடங்களைக் கெடுக்காமல் காப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

1. தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட் டெக் அல்லது வானொலியும் கேசட் பிளேயரும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் வேண்டும். கணினியில் நேரடியாகச் செருகும் மலிவான கையடக்க பிளேயர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பலவற்றின் மோட்டார் சீரான வேகத்தில் ஓடுவதில்லை, நீண்டு ஒலிக்கும் சுரங்கள் நடுங்கிக் கேட்கும். டெக்கின் லைன்-அவுட் துளையிலிருந்து கணினிக்கு ஒலியைக் கொண்டுவர, லைன்-இன் உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ கருவி தேவை. மடிக்கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் ஒற்றை ஒலித்தடமே பதிவாகும். அதோடு பேச்சுக்கு ஏற்றபடி ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி குறுக்கே புகுந்து, பாட்டின் இடையிசையில் அளவு ஏறி இறங்கும்.

பதிவுக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு சுற்றிய குச்சிகள், நாடாவைச் சுற்ற ஓர் ஆறுபட்டைப் பென்சில், கேசட்டில் எண் எழுத நிலையான மை உள்ள பேனா, நினைவுகளைப் பதிய ஒரு கைப்பேசி, கோடு போட்ட ஒரு நீள நோட்டு ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியே இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. முதியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசும்போது நடுவே மடிக்கணினித் திரை நின்றால், அவர் திரைக்குப் பதில் சொல்வதைப்போல் சுருக்கமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார் என்பதே காரணம்.

2. எண் இடுதலும் படம் எடுத்தலும்

எந்தக் கேசட்டையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் எண் இடுங்கள். கேசட்டின் மேல் ஒன்று, அதன் பெட்டியின் மேல் ஒன்று, உறை அட்டையின் உட்புறம் ஒன்று என மூன்று இடங்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கிய பிறகு கேசட் ஒரு பெட்டியிலும் அட்டை வேறு பெட்டியிலும் போய்விடும். எந்த அட்டை எதற்கு உரியது என்பதைப் பின்னர் கண்டுபிடிப்பது நடவாத காரியம்.

பிறகு கேசட்டின் இரு பக்கங்களையும், அட்டையின் முன்னும் பின்னும், உள்ளே மடித்து வைத்த தாள் இருந்தால் அதையும் படம் எடுங்கள். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகளில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டு வரிசை இருக்கும். அந்தப் பட்டியலே ஒரு நினைவுப் பொருள்: பன்னிரண்டு பாட்டுகளுக்கு இடம் போதாமல் பதினொன்றோடு நின்று, கடைசியில் “இடமில்லை” என்று எழுதிய ஒரு தாள் எங்களிடம் இருக்கிறது. விட்டுப்போன அந்தப் பன்னிரண்டாம் பாட்டு எது என்பது என் அத்தைக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் குறை இன்னும் ஆறவில்லை என்பதும் அவர் பேச்சில் தெரிகிறது.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, அச்சிட்ட அட்டையைப் பார்த்து “இது பக்திப் பாடல், எங்கும் கிடைக்கும்” என்று கேசட்டை ஒதுக்குவது. கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரங்களிலும் உள்ள சிறு குழிகளைப் பாருங்கள். கடையில் விற்ற கேசட்டில் அவை திறந்திருக்கும். அதனால் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. அந்தக் குழியைச் செலோடேப்பாலோ மடித்த தாளாலோ யாராவது அடைத்திருந்தால், பழைய பதிவின் மேல் புதிதாக எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளும், குழந்தையின் மழலையும், ஊர்க் கோயில் கச்சேரியும் இப்படித்தான் சுப்ரபாத அட்டைக்குள் ஒளிந்திருக்கின்றன. அடைத்த குழி உள்ள கேசட்டுகளை முதலில் படியெடுங்கள். அவற்றுக்கு இன்னொரு படி உலகில் வேறெங்கும் இருக்காது.

பார்த்து முடித்ததும் அந்த அடைப்பை அகற்றிவிடுங்கள். வீட்டில் பதிந்த கேசட்டுகளில் குழியை மூடிய பிளாஸ்டிக் தகடு உடைக்கப்படாமல் இருந்தால் அதையும் உடைத்துவிடுங்கள். பழைய டூ-இன்-ஒன்களில் ரெக்கார்ட் பொத்தானும் பிளே பொத்தானும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு விரல் தவறினால் போதும்.

3. நாடாவின் உடல்நிலை

கேசட்டின் சிறு சன்னல் வழியே, வெளிச்சத்தில் சாய்த்து, சுற்றிய நாடாவின் பக்கவாட்டைப் பாருங்கள். வெண்பொடி படிந்தாற்போல் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கேசட்டை ஓட்டக் கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சுக்கும் கேடு. உறையில் இட்டுத் தனியே வைத்து, அறிந்தவரிடம் கொடுத்துத் துடைப்பதே சரி. கடலோர ஊர்களிலும், மழைநீர் கசியும் பரண்களிலும் இருந்தவற்றில் இதை அதிகம் கண்டேன்.

அடுத்து, நாடா ஓடும் திறப்பின் நடுவில் சிறிய பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டிய கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். பலர் “நாடா போய்விட்டது” என்று முடிவு கட்டும் கேசட்டுகளில் போயிருப்பது இந்தத் துண்டு மட்டுமே. ஐந்து திருகாணி உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, நாடாச் சக்கரங்களை அதன் கூட்டுக்குள் மாற்றி வைத்தால் சரியாகிவிடும். அறுந்த நாடாவை ஒட்டச் செலோடேப்பைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளைப் பற்றிக்கொள்ளும். ஒலிநாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவை, பதிவில்லாத பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

சுற்று தளர்ந்திருந்தால் முதலில் பென்சிலால் இறுக்குங்கள். பிறகு ஒரு தடவை கடைசி வரை முன்னோட்டி, மறுபடி தொடக்கம் வரை பின்னோட்டுங்கள். பல ஆண்டுகள் ஓடாத நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதைச் செய்யாமல் நேராக ஓட்டினால் இழுபட்டு, வேகம் மாறி, சில சமயம் சுருண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 நாடாவைவிடச் சி-90 மெல்லியது, சி-120 அதனினும் மெல்லியது. ஆகவே சி-120 என்று எழுதியவற்றைப் பொத்தானால் ஓட்டாமல் கையால் மெதுவாகச் சுற்றுவது நல்லது.

4. பிளேயரைத் தயார் செய்தல்

ஹெட், அதன் அருகில் சுழலும் உலோகத் தண்டு, ரப்பர் உருளை ஆகிய மூன்றும் நாடாவைத் தொடுபவை. உலோகப் பகுதிகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால், பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். ரப்பரை ஈரத் துணியால் துடைத்து உலர விட்டால் போதும். ஐந்தாறு கேசட்டுகளுக்கு ஒரு முறையாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அடைபட்டுக் கேட்டால், ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை என்று கொள்ளலாம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் போகவும் வரவுமாக நான்கு தடங்கள் இருப்பதால், பதிந்த கருவியின் ஹெட்டுக்கும் உங்கள் கருவியின் ஹெட்டுக்கும் சாய்வில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் மேல்சுருதி ஒலிகள் கரைந்துவிடும். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சிறு திருகை, பாட்டு ஓடும்போதே மிக மெல்லத் திருப்பி, ஜால்ராவின் ஒலியும் “ஸ” ஒலியும் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். திருகு முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

5. தனியாக உட்கார்ந்து படியெடுத்தல்

இந்தப் படியில்தான் ஆசை குறுக்கே வருகிறது. பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் அம்மாவையோ அண்ணனையோ கூப்பிட்டு, “இதைக் கேளுங்கள்” என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பேசத் தொடங்கினால், படியெடுப்பதை நிறுத்தவும் முடியாது, அவர்கள் சொல்வதைப் பதியவும் முடியாது. அன்று வாய்விட்டுச் சொன்னதை அடுத்த வாரம் கேட்டால், “அன்றைக்கே சொன்னேனே” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆகவே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டபடி படியெடுக்க வேண்டும்.

வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். இரு தடங்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைட் ஆகும். பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் சி-90 ஒன்று சுமார் ஒன்றரை கிகாபைட் பிடிக்கும். நாற்பது கேசட்டுக்கு 60 கிகாபைட் என்பது இன்றைக்குப் பெரிய இடமில்லை. இடம் குறைவானால் ஃப்ளாக் வடிவுக்கு மாற்றலாம். ஒலியில் ஒன்றும் இழக்காமல் அளவு வெகுவாகக் குறையும். முதல் பதிவை எம்பி3-யில் செய்ய வேண்டாம், அதில் போனது திரும்பாது. ஒலியளவுக் காட்டி மிகச் சத்தமான இடத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்றுக் குறைவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். உச்சி வெட்டுப்பட்டதை ஒட்ட வைக்க முடியாது.

ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக, தொடக்கத்தில் உள்ள “கடக்” ஒலி முதல் கடைசி மௌனம் வரை பதியுங்கள். பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள், இடைவெளிகளை நீக்காதீர்கள், இரைச்சலைக் குறைக்காதீர்கள். இதை என் தவற்றிலிருந்து கற்றேன். முதல் ஆறு கேசட்டுகளைப் படியெடுத்தபோது, மௌனமான பகுதிகளைத் தானாகவே வெட்டும் வசதியை இயக்கியிருந்தேன். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, மைக்குக்கு எட்டத்தில் நின்று அப்பா மெல்லிய குரலில் “ஓடுதா? சிவப்பு விளக்கு எரியுதா?” என்று கேட்டிருக்கிறார். மென்பொருளுக்கு அது மௌனமாகப் பட்டிருக்கிறது. நாடா கையில் இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. ஆனால் அதற்குள் அந்த இடத்தில் நாடா ஒரு முறை சிக்கிக் கசங்கிவிட்டதால், இரண்டாவது கேள்வியின் பாதி இப்போது அலையலையாகத்தான் கேட்கிறது.

வரிசையைக் கலைக்காமல் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கேசட்டை நூறு தடவை கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரு பாட்டின் கடைசி அடி முடிந்ததுமே அடுத்த பாட்டின் முதல் இசை மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். அந்த வரிசையைப் படமோ இசையமைப்பாளரோ அமைக்கவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்த பட்டியல் அமைத்தது. அதேபோல், நாடா தீர்ந்து இரண்டாம் சரணத்தின் நடுவில் அறுந்த பாட்டை அங்கேதான் முடியும் என்றே ஒரு குடும்பம் முழுவதும் பாடிப் பழகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். முழுப் பாட்டை இணையத்திலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைத்துச் சரிசெய்தால், அவர்களுடைய பாட்டு போய்விடும்.

படியெடுக்கும்போது நோட்டில் நேரத்தை மட்டும் குறியுங்கள்: “07 ஏ, 12:40, குக்கர் விசில்”, “07 ஏ, 31:15, வானொலி அறிவிப்பு” என்பதுபோல். வானொலிக்கு எதிரே மைக்கை வைத்துப் பதிந்தவற்றில் வீட்டின் ஒலிகளும் சேர்ந்து விழுந்திருக்கும். அடுத்த படியில் கேட்பவரைப் பேச வைப்பதில் பாட்டுக்கு நிகராக இவையும் உதவுகின்றன.

6. நினைவைக் கேட்டுப் பதிதல்

ஓர் அமர்வு முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாறு பாட்டுகள் போதும். அதற்கு மேல் போனால் சொல்பவர் களைத்து, எல்லாப் பாட்டுக்கும் “அப்போ அடிக்கடி போடுவாங்க” என்ற ஒரே பதிலைச் சொல்லத் தொடங்குவார். மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். கைப்பேசியை, அழைப்பு வராதபடி, ஏர்ப்ளேன் மோடில் இட்டு, சொல்பவருக்கு ஒரு முழத் தொலைவில், மேசைமேல் மடித்த துண்டின் மீது வையுங்கள். பதிவு தொடங்கியதும் தேதி, சொல்பவர் பெயர், கேசட் எண், பக்கம் ஆகியவற்றை நீங்களே உரக்கச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் பின்னால் மாறினாலும் குரலில் உள்ள அடையாளம் மாறாது.

பாட்டின் பெயரைச் சொல்லாமல் ஓட்டுங்கள். இதை மீறாதவர் அரிது. பெயரைச் சொன்னதும் கேட்பவர் அந்தப் பாட்டைப் பற்றித் தாம் அறிந்ததை, அதாவது நடிகர் யார், படம் ஓடியதா என்பதை நினைத்துக்கொள்வார். பெயர் சொல்லாமல் முன்னிசை தொடங்கும்போது அவருக்கு இடம்தான் முதலில் வருகிறது. என் அம்மா ஒரு பாட்டின் முதல் பத்து விநாடியில், பல்லவி வருவதற்கு முன்பே, “சாணி மெழுகின வாசல்” என்றார். என்ன பாட்டு என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. பல்லவி வந்த பிறகுதான், மார்கழி விடியலில் கோலம் போடும்போது எதிர்வீட்டு வானொலியில் ஒலித்தது என்று தொடர்ந்தார். பெயரைச் சொல்லி ஓட்டியிருந்தால் வாசல் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பல்லவி முடியும் வரை நீங்கள் பேச வேண்டாம். அதன்பின் அவர் தாமாகத் தொடங்கினால் பாட்டின் ஒலியைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் அந்த இடத்திலேயே இருப்பார். தொடங்காவிட்டால் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள், ரேடியோ எங்கே இருந்தது, கூட யார் இருந்தார்கள், கையில் என்ன வேலை, என்ன பொழுது. “அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது” என்ற கேள்விக்கு “நல்லா இருந்துச்சு” என்பதற்கு மேல் பதில் வந்து நான் கேட்டதில்லை. “இது உங்கள் கல்யாணத்தில் போட்டதா” என்பதுபோல் விடையை உள்ளே வைத்துக் கேட்கவும் கூடாது. ஆமாம் என்று சொல்வது மரியாதை என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இருவரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பது கலகலப்பாக இருக்கும், ஆனால் பதிவுக்கு உதவாது. உரக்கப் பேசுபவரின் நினைவு மற்றவரின் நினைவாகவும் ஆகிவிடும். ஒரே பாட்டை அம்மா, பெண் அழைப்பன்று ஒலிபெருக்கியில் கேட்டதாகச் சொன்னார். அத்தையோ, டவுன் பஸ்ஸில் கேட்டதாகவும் அன்று சில்லறை இல்லாமல் இறங்க நேர்ந்ததாகவும் சொன்னார். தனித்தனியே கேட்டதால் இரண்டும் கிடைத்தன. முதலில் தனியாகப் பதிந்துவிட்டு, பிறகு வேண்டுமானால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சண்டை போட விடலாம், அதையும் பதியுங்கள்.

சில பாட்டுகள் இழப்பைக் கிளறும். பேசுபவர் தொண்டை அடைத்து நிறுத்தினால் பாட்டை உடனே அணைக்காதீர்கள், அடுத்த கேள்விக்கும் தாவாதீர்கள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். அமர்வின் முடிவில், சொன்னவற்றில் எதை யார் கேட்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவிலேயே வையுங்கள். “இது உங்க சித்தப்பா காதுக்குப் போகக் கூடாது” என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு பாட்டுகளுக்குத் தடை இருக்கிறது.

7. குறிப்பாக எழுதுதல்

அன்றிரவே, தவறினால் மறுநாளாவது, பதிவைக் கேட்டு எழுதுங்கள். ஒரு வாரம் கடந்தால் அவர் கையைக் காட்டி “இவ்வளவு உயரம்” என்று சொன்னது எதைப் பற்றி என்பது உங்களுக்கே மறந்துவிடும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் எண், பாட்டு தொடங்கும் நேரம், சொன்னவர், சொன்ன தேதி, சொன்னது, காலம் பற்றி அவர் கணிப்பு, யார் கேட்கலாம் என்ற ஏழு விவரங்களுக்கு மேல் வேண்டாம். முதலில் நான் பதினெட்டு கட்டங்கள் வைத்தேன். நாலாம் கேசட்டில் சலித்துப்போய் நிறுத்திவிட்டேன். எழுதிய குறிப்பு ஒன்று இவ்வாறு இருக்கும்:

“19 பி, 22:05. சொன்னவர் அத்தை. ‘கரண்ட் போயிட்டா டார்ச்லேந்து பேட்டரிய உருவி ரேடியோவுல போடுவோம். அப்புறம் கொல்லைக்குப் போறதுக்கு டார்ச் எரியாது. ஒருநாள் இந்தப் பாட்டு ஓடிட்டிருக்கும்போது தாத்தா வெளியில இருட்டுல நின்னுட்டு, பாட்டு முடியட்டும்னு காத்துட்டிருந்தாரு. கேக்கவே இல்ல, நின்னுட்டே இருந்தாரு.’ காலம்: தான் பத்தாவது படித்தபோது, மழைக்காலம். குடும்பத்தார் யாவரும் கேட்கலாம்.”

சொன்னவருடைய வட்டார மொழியைத் திருத்தாதீர்கள். “நின்னுட்டே இருந்தாரு” என்பதை “நின்றுகொண்டேயிருந்தார்” என்று எழுதினால் அத்தையின் குரல் போய், எழுதியவர் குரல் வந்துவிடும். விளக்கம் தேவையானால் தனி வரியில் உங்கள் பெயரோடு எழுதுங்கள். நாளை படிக்கும் பேரனுக்கு, கேட்டவர் சொன்னது எது, எழுதியவர் சேர்த்தது எது என்பது தெரிய வேண்டும்.

8. விவரங்களைத் தேடுதல்

இப்போதுதான் படப்பெயரும் ஆண்டும். இவற்றைத் தனி நிரலில் எழுதுங்கள். நினைவு எழுதிய நிரலைத் தொடாதீர்கள். தன் கல்யாணத்தில் கேட்டதாக ஒருவர் சொல்லும் பாட்டு, கல்யாணத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த படத்துடையது என்று தெரியவரும். அவர் பொய் சொல்லவில்லை. தங்கையின் கல்யாணமும் தன் கல்யாணமும் ஒரே மண்டபத்தில் நடந்திருக்கலாம், அல்லது கல்யாண வீடியோவில் அந்தப் பாட்டைப் பின்னர் சேர்த்திருக்கலாம். இரண்டையும் அருகருகே எழுதி விடுங்கள். “தப்பாகச் சொல்கிறீர்கள்” என்று அவரிடம் போய்ச் சொன்ன ஒரு வீட்டில், அந்தப் பெரியவர் அதன்பின் எந்தப் பாட்டுக்கும் “தெரியல” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கேசட் எப்போது பதியப்பட்டது என்பதைக் கணிக்க, அதில் உள்ள மிகப் புதிய பாட்டைப் பிடியுங்கள். ‘ரோஜா’ படப் பாட்டு ஒன்று இருந்தால் அந்தப் பதிவு 1992-க்கு முந்தியதாக இருக்க முடியாது. மறுபுறம், கடையின் ரப்பர் முத்திரையில் பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் “மெட்ராஸ்” என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தியது. மாவட்டப் பெயரில் “நெல்லை கட்டபொம்மன்” என்பதுபோல் தலைவர் பெயர் இருந்தால் 1997-க்கு முந்தியது, அவ்வாண்டில் அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. முத்திரைகளைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்த கடைகளும் உண்டு என்பதால், பின்னெல்லையை உறுதி என்று எழுதாமல் “அநேகமாக” என்றே எழுதுங்கள்.

9. பாட்டுக் கோப்போடு குறிப்பைப் பிணைத்தல்

முழுப் பக்கக் கோப்புகளை மூலமாக வைத்துக்கொண்டு, அவற்றின் நகலிலிருந்து மட்டும் தனிப் பாட்டுகளை வெட்டுங்கள். இரைச்சல் குறைப்பதும் வேகம் திருத்துவதும் இந்த நகலில்தான்.

கோப்புப் பெயர் “19பி-04” என்பதுபோல் குறுகியதாக இருக்கட்டும். தமிழில் நீளப் பெயர் வைத்தால் சிக்கல் உண்டு. யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். “கொ” என்ற ஓரெழுத்தே ஆறு பைட். பெயருக்கு 255 பைட் என்ற வரம்புள்ள லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரு நீண்ட பல்லவியை முழுதாக எழுத இடம் இருக்காது, நகலெடுக்கும்போது பாதியில் பிழை காட்டி நிற்கும்.

நினைவுக் குறிப்பைக் கோப்பின் உள்ளே உள்ள கருத்துப் பகுதியில் ஒட்டலாம். எம்பி3-யானால், கோப்புக்குள் விவரங்களை எழுதி வைக்கும் ஐடி3 முறையின் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் பதிப்பில் கருத்துக்கு முப்பது எழுத்து இடம்தான், தமிழும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆனால் கோப்புக்குள் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வேறு மென்பொருளில் திறந்து சேமிக்கும்போது கருத்துப் பகுதி அழிந்துபோவதைக் கண்டிருக்கிறேன். எல்லாக் குறிப்புகளையும் யூனிகோடில் ஒரே எளிய உரைக் கோப்பாகவும் வைத்து, அதை அச்சிட்டு, நீள நோட்டின் பின்னட்டைக்குள் செருகிவிடுங்கள்.

10. பாதுகாத்தலும் பகிர்தலும்

மூன்று படிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். ஆண்டுக்கு ஒரு நாளை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் அது ஆயுத பூஜை, டிஸ்க்கைச் செருகிச் சில கோப்புகளையாவது ஓட்டிப் பாருங்கள். படியெடுத்த கேசட்டுகளை எறியாதீர்கள். தொடக்கம் வரை சுற்றி, பெட்டியில் இட்டு, நூல்களைப்போல் நிறுத்தி, ஸ்பீக்கர் அருகிலும் வெயில் படும் அலமாரியிலும் இல்லாமல் வையுங்கள்.

பாட்டின் ஒலிப்பதிவு உரிமை உங்களுடையதன்று. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். ஆகவே பொதுவெளியில் பகிர்வதானால் குறிப்பையும் சொன்னவரின் குரலையும் பகிருங்கள், பாட்டைக் கேட்பவர் தேடிக்கொள்ளட்டும். குரலைப் பகிர்வதற்கு முன் “யார் கேட்கலாம்” என்ற கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

11. யாருக்கும் நினைவில்லாத பாட்டுகள்

எல்லாம் முடிந்த பிறகும் சில கட்டங்கள் காலியாக இருக்கும். அவற்றை ஊகத்தால் நிரப்பாதீர்கள். யாரிடம், என்று கேட்டோம் என்பதை மட்டும் எழுதி விடுங்கள். அடுத்த பொங்கலுக்கோ ஒரு காதுகுத்துக்கோ வேறு உறவினர் வரும்போது, முதலில் கேட்க வேண்டியது எது என்று அந்தத் தேதிகள் காட்டும்.

எங்கள் நோட்டில் 31-ஆம் எண்ணுக்கு எதிரே மூன்று பெயர்களும் மூன்று தேதிகளும் இருக்கின்றன. அட்டை இல்லாத சி-60, ஏ பக்கம் முழுவதும் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஆறு தடவை பதியப்பட்டிருக்கிறது. பி பக்கம் காலி. அம்மாவுக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை, பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூர்ச் சித்தியிடம் இன்னும் கேட்கவில்லை.